துகள்களைத் தண்ணீராக்குவது: பிளெண்டரில் எந்த மெஷர்?

வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பார்கள். அந்த முதல் தண்ணீர் கல்லணை மதகுகளில் செம்பழுப்பாக, நுங்கும் நுரையுமாகப் பாயும். அதை பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஒரு ஷாட்டாகச் செய்து முடித்தேன். துகள்களை ஓடவிடுவது சுலபம். அவற்றை ஒரே நீர்ப்பரப்பாக ஒட்டவைக்கிற மெஷிங்தான் ஆளைப் படுத்தும்; அதைச் செய்யும் கருவிதான் மெஷர். எமிட்டர் (துகளை வெளியிடும் பொருள்) வைக்கத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில், துகள் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 2.82 பதிப்பு முதல் பிளெண்டரோடு வரும் திரவ சிமுலேட்டரான மாண்டாஃப்ளோவும், காசு கொடுத்து வாங்கும் ஃபிளிப் ஃபுளூயிட்ஸ் ஆட்-ஆனும் தங்கள் சிமுலேஷனுக்குத்தான் மெஷ் போடும். சாதாரண பார்ட்டிக்கிள் சிஸ்டத்தின் துகள் என்றால், நோட்களைக் கோத்து வடிவம் உருவாக்கும் ஜியாமெட்ரி நோட்ஸ்தான் வழி.

1. ஒரே ஒரு வெர்டெக்ஸ் (புள்ளி) உள்ள மெஷ் செய்து, அதில் பார்ட்டிக்கிள் இன்ஸ்டன்ஸ் மாடிஃபயர் போட்டு எமிட்டரைக் காட்டுங்கள். அன்பார்ன், டெட் இரண்டிலும் டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இன்னும் பிறக்காத துகளெல்லாம் மதகு வாயிலேயே மொத்தையாக நிற்கும்.

2. அதன் கீழே ஜியாமெட்ரி நோட்ஸ்: மெஷ் டு பாயின்ட்ஸ், பாயின்ட்ஸ் டு வால்யூம், வால்யூம் டு மெஷ், செட் ஷேட் ஸ்மூத்.

3. எல்லாரும் சறுக்கும் இடம் இதுதான். பாயின்ட்ஸ் டு வால்யூமில் ரெசல்யூஷன் 'அமவுன்ட்' என்று இருக்கும். தண்ணீர் பரவப் பரவ, அதே எண்ணிக்கைக் கட்டங்கள் பெரிய இடத்தை நிரப்ப வேண்டியிருப்பதால் ஒவ்வொரு கட்டமும் பெரிதாகும். முதல் ஃபிரேமில் வழவழப்பாக இருந்த பரப்பு போகப் போகக் கரடுமுரடாகி, அனிமேஷனில் துடிக்கும். அதை 'சைஸ்' என்று மாற்றுங்கள். வாக்செல், அதாவது ஒரு கட்டத்தின் அளவு, துகளின் ரேடியஸில் பாதிக்கு மேல் போக வேண்டாம். ரேடியஸ் 0.04 மீட்டர் என்றால் வாக்செல் 0.02. ரேடியஸ் வாக்செலைவிடச் சிறுத்தால் தெறிக்கிற துளிகள் காணாமலே போகும். ஆனால் வாக்செலைப் பாதியாக்கினால் கட்டங்கள் கிட்டத்தட்ட எட்டு மடங்காகும். அதனால் முதலில் பெரிய அளவில் பார்த்துவிட்டு, கடைசியில் குறையுங்கள். வால்யூம் டு மெஷ்ஷில் ரெசல்யூஷன் 'கிரிட்'டிலேயே இருக்கட்டும். மெஷ்ஷின் முகங்களைக் குறைக்கும் அடாப்டிவிட்டியைத் தண்ணீருக்குத் தொடாதீர்கள், பளபளப்பு உடைந்து தெரியும்.

4. இன்னும் ஜவ்வரிசி மாதிரி முண்டு முண்டாகத் தெரிந்தால், கடைசியில் ஒரு ஸ்மூத் மாடிஃபயர்.

சரி, எதை எடுப்பது? வயல் மடையில் வழிகிற தண்ணீர், சின்னத் தெறிப்பு என்றால் மேலே சொன்னதே தாராளம். மதகு அளவுக்குப் பாய்ச்சல் என்றால் இதை நான் எடுக்க மாட்டேன். காரணம் மோஷன் பிளர், அதாவது வேகத்தில் வரும் மங்கல். ஃபிரேமுக்கு ஃபிரேம் வெர்டெக்ஸ் எண்ணிக்கை மாறுவதால், எந்தப் புள்ளி எங்கே நகர்ந்தது என்று பிளெண்டரின் ரெண்டரரான சைக்கிள்ஸுக்குத் தெரியாது. வேகமாக விழும் தண்ணீர் உறைந்த மாதிரி நிற்கும். மாண்டாஃப்ளோவின் மெஷ் பகுதியில் ஸ்பீட் வெக்டர்ஸ் டிக் செய்தால் பிளர் வரும். ஃபிளிப் ஃபுளூயிட்ஸிலும் அந்த வசதி உண்டு. கையில் காசிருந்தால் என் ஓட்டு ஃபிளிப் ஃபுளூயிட்ஸுக்குத்தான்.

3டிஎஸ் மேக்ஸ் என்ற இன்னொரு 3டி மென்பொருள்காரர்கள் ஃபிராஸ்ட் என்ற மெஷரைப் பாருங்கள். எந்தத் துகளையும் வாங்கிக்கொள்ளும். விரிப்பாக விழும் தண்ணீருக்கு அதில் அனிசோட்ராபிக் முறைதான் சரி. துகளை உருண்டையாகவே விடாமல், பக்கத்துத் துகள்கள் பரவியிருக்கும் வாக்கில் தட்டையாக நீட்டும்.

பின்சேர்க்கை: மெட்டீரியல் ஒட்டவில்லை என்று இரண்டு பேர் கேட்டார்கள். நோட்ஸில் புதிதாக உருவாகும் மெஷ்ஷுக்கு மெட்டீரியல் இருக்காது. கடைசியில் செட் மெட்டீரியல் நோட் சேருங்கள். அப்புறம், புதுத் தண்ணீருக்குக் கண்ணாடி ஷேடர் வேண்டாம், அதில் வண்டல் இருக்கிறது. நுரையை மெஷ்ஷில் கலக்காமல் தனித் துகளாகவே ரெண்டர் செய்யுங்கள்.