நுண்தூள் மிதக்கவில்லையா? கலெக்டர் குழாயைத் திறக்கும் முன்

தாதுவை அரைத்து, நீரில் கலக்கி, காற்றுக் குமிழிகளால் கனிமத்தை மிதக்கவைத்துப் பிரிக்கும் ஆலைகளில், டெயிலிங்ஸில் (வெளியேறும் கழிவில்) சரக்கு போகிறது என்றதும் பலர் கை முதலில் போவது கலெக்டர் (கனிமத்தைக் குமிழியில் ஒட்டவைக்கும் மருந்து) குழாய்க்குத்தான். தூள் 20 மைக்ரானுக்குக் கீழே என்றால், பெரும்பாலும் அங்கே விடை கிடைக்காது. சாதாரண மிதப்புத் தொட்டியில் குமிழி ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். 10 மைக்ரான் துகள் அதில் நூறில் ஒரு பங்கு. குமிழி மேலேறும்போது நீர் அதைச் சுற்றி வளைந்து ஓடுகிறது. கனமில்லாத துகளும் நீரோடு வளைந்து, குமிழியைத் தொடாமலே போய்விடுகிறது. குமிழியைச் சிறிதாக்க வேண்டும், கலக்கலை வலுவாக்க வேண்டும். 1980களில் ஆஸ்திரேலியாவில் உருவான ஜேம்சன் செல் என்ற மிதப்புத் தொட்டி நுண்தூளைப் பிடிப்பதும் சிறு குமிழிகளால்தான்.

சரி, நுண்தூளுக்கு மருந்து கூடுதலாக வேண்டாமா? வேண்டும்தான். 100 மைக்ரான் மணி ஒன்றை 10 மைக்ரானாக உடைத்தால் ஆயிரம் துண்டு, பத்து மடங்கு மேற்பரப்பு. ஆனால் அளவு மீறினால் வேண்டாத கல்லும் மிதக்கத் தொடங்கும்.

இதைவிட மோசமானது ஃப்ராதரை (நுரை உண்டாக்கும் மருந்தை) அள்ளி ஊற்றுவது. நுரை உடையாமல் வாய்க்காலில் தேங்கி நிற்கும், நிறம் வெளுத்திருக்கும். குமிழியில் ஒட்டாத கல்தூள் நுரைக்குள் இருக்கும் தண்ணீரில் தொற்றிக்கொண்டு வருகிறது. தண்ணீர் எவ்வளவு ஏறுகிறதோ, குப்பையும் அவ்வளவு ஏறும். நுரையின் உயரத்தைக் கூட்டுங்கள், மேலிருந்து கழுவுநீர் தெளியுங்கள், தாதுத்தூளும் நீரும் கலந்த குழம்பை நீர்க்க விடுங்கள்.

களிமண் இருந்தால் ஒரு சின்னச் சோதனை. இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஒரே குழம்பை ஊற்றி, ஒன்றில் மட்டும் சில சொட்டு சோடியம் சிலிகேட் (தூள்களைத் தனித்தனியாகப் பிரித்துவைக்கும் மருந்து) கரைசல் விட்டுக் கலக்குங்கள். சொட்டு விட்டது கலங்கியே நிற்க, மற்றது சீக்கிரம் தெளிந்தால், உங்கள் தொட்டியில் தூள்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன என்று பொருள். கனிமத்தின் மேலும் களிமண் படிந்திருக்கலாம். அப்புறம் கலெக்டர் எங்கே போய் ஒட்டும்?

ஆய்வகத்தில் 38 மைக்ரான் சல்லடையோடு நிறுத்துவதும் பழைய பழக்கம். அதற்குக் கீழே நன்றாக மிதக்கும் 30 மைக்ரானும் தொலைந்துபோகும் 5 மைக்ரானும் ஒரே பையில் கிடக்கும். சைக்ளோசைசரில் (நுண்தூளை நீரில் சுழற்றி அளவுவாரியாகப் பிரிக்கும் கருவி) பிரித்து, ஒவ்வொரு அளவையும் தனியாக அசே (எவ்வளவு உலோகம் இருக்கிறது என்ற சோதனை) செய்யுங்கள்.

அப்போது சில ஆலைகளில் தவறு அரைவையில் இருப்பது தெரியவரும். கலீனா என்ற ஈயக் கனிமத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல் சுமார் 7.5 மடங்கு. போதுமான அளவு அரைபட்ட மணியையும் ஹைட்ரோசைக்ளோன் (குழம்பைச் சுழற்றி, கனமான மணியைப் பிரிக்கும் கருவி) கனமானது என்று கீழே தள்ளி, அரைக்கும் மில்லுக்கே திருப்பி அனுப்பும். அந்தத் திரும்பும் வழியிலேயே ஒரு ஃப்ளாஷ் செல் (விரைவாக மிதக்கும் மணியை எடுக்கும் மிதப்புத் தொட்டி) வைத்தால், பொடியாகும் முன்பே எடுத்துவிடலாம்.