மலையே இல்லாத மட்டக்களப்புல இருந்து எவரெஸ்டிங்குக்கு ரெடியாகிறது எப்பிடி

எவரெஸ்டிங் எண்டா நேபாளத்துக்குப் போறதில்ல. ஒரு மலை றோட்டப் புடிச்சி அதே றோட்டுல சைக்கிள்ல ஏறி இறங்கி ஏறி இறங்கி, ஏறின உயரம் மட்டும் எவரெஸ்ட் மலைட உயரமான 8848 மீற்றர் வரணும். நடுவுல சாப்பிடலாம், குந்தி இரிக்கலாம், நித்திர மட்டும் கொள்ளக்கூடா. இதுலயே அரைவாசி (4424), கால்வாசி (2212) எண்டும் இரிக்கி. எடுத்த எடுப்புல முழுசுக்குப் போறது விசர் வேல.

கணக்கப் போட்டுப் பாருங்க. ஏத்தம் 100 மீற்றர் உயரமெண்டா 89 தரம் ஏறணும். சாய்வு 8 வீதமெண்டா ஏறி இறங்க மொத்தம் 221 கிலோமீற்றர், 5 வீதமெண்டா 354. சாய்வு குறைஞ்ச றோட்டு சுகமெண்டு நினைச்சா இதான் கதி.

நம்மட ஊருல பெரிய ஏத்தமே கல்லடிப் பாலம்தானே எண்டு கேப்பீங்க. மேற்கால இருந்து அடிக்கிற கச்சான் காத்து இரிக்கே! ஜூன், ஜூலைல வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுப் பக்கம் வயல் றோட்டுல மேற்க போங்க, நெஞ்சுல கைய வச்சித் தள்ளுற மாதிரி அடிக்கும். குனியாதீங்க, மலையில நிமிந்துதான ஓடுவம், அதால நிமிந்து இருந்து பாரமான கியர்ல நிமிசத்துக்கு 60 சுத்து, சீட்ட விட்டு எழும்பாம 20 நிமிசம் மிதிக்கணும், பக்கத்துல வாறவனோட கதைக்க ஏலாட்டி வேகம் கூட. திரும்பி வரக்குள்ள காத்தே தள்ளிட்டு வரும், அதான் உங்கட இறக்கம், அதுல வாழப்பழத்தத் திண்டு தண்ணியக் குடிச்சிட்டு மறுக்கா போங்க. வெயில் சுடும், ஜீவனி (உப்பு, சீனி கலந்த தூள்) தண்ணில கலந்து வச்சிக்கங்க.

மலைக்குப் போகக்குள்ள கியர் சில்லு முன்னுக்கு 34 பல்லு, பின்னுக்கு 32க்குக் குறையாம இரிக்கட்டும். நான் மகியங்கனை 18 வளைவுல முதல் மூணு வளைவையும் வீரம் காட்டி ஏறி, ஏழாவதுல கால் ரெண்டும் கட்டையாகி நிண்டன், பையில கச்சான் அல்வா இரிந்தும் திங்க மறந்திட்டன் பாருங்க. பசிக்க முந்தி திங்கணும், அரை மணிக்கொருக்கா. (அந்த றோட்டுல பஸ், லொறி கூட, ஏறி இறங்கி விளையாட அது சரிவராது.)

இறக்கத்துல பிரேக்க அமத்திப் புடிச்சிட்டே வந்தா றிம் சூடாகி பிரேக் கட்டை கருகி மணக்கும், வளைவுக்கு முந்தி ரெண்டையும் அமத்தி, விட்டு, அமத்தி வாங்க. பவர் பேங்க் ஒண்டும் கொண்டு போங்க, ஏறுறதப் பதியிற போன் நடுவுல செத்தா ஏறினதெல்லாம் பதிவில்லாமப் போகும்.