‘டிட்’ வந்த பிறகு ‘கேம்’ எதற்கு?

பெரம்பூரில் மாலை வேளைகளில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். நேற்று ஏன் வரவில்லை என்று கேட்டால், ‘ஐ டிட் நாட் கேம் சார்’ என்பார்கள். ‘கோ, வென்ட், கான்’ என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிற பிள்ளையும் இதையேதான் சொல்லும். வடிவங்கள் தெரியும், எதை எங்கே வைப்பது என்பதுதான் பிடிபடாது. இன்டர்வியூவில் இந்தத் தயக்கத்தாலேயே பேச்சு நின்றுபோய்விடுகிறது என்று அவர்கள் சொல்லும்போது மனசு கஷ்டப்படுகிறது.

இதற்குத் தமிழே கைகொடுக்கும். ‘வந்தேன்’ என்பதை மறுக்கும்போது ‘வந்தேன் இல்லை’ என்றா சொல்கிறோம்? ‘வரவில்லை’ என்கிறோம். அந்த ‘வர’ என்பதில் காலமே இல்லை. ஆங்கிலத்திலும் ‘டிட்’ இறந்தகாலத்தைச் சுமந்துகொள்கிறது, அதன் பின்னால் வெறும் ‘கம்’ போதும். கேள்வியும் அப்படியே: ‘டிட் யூ கோ?’

அப்புறம் ‘ஐ ஹேவ் வென்ட்’. ‘போயிருக்கிறேன்’ என்பதைப் பிரித்தால் ‘போய்’, ‘இருக்கிறேன்’ என்று வரும். ‘போனேன் இருக்கிறேன்’ என்று வராது. அதுபோல ஹேவ், ஹேஸ், ஹேட் மூன்றுக்கும் பின்னால் மூன்றாவது வடிவம்தான் வரும்: ஹேவ் கான், ஹேஸ் சீன், ஹேட் ரிட்டன். துணை இல்லாமல் ‘ஐ சீன்’ என்றாலும் தவறு, அங்கே ‘ஐ சா’ தான்.

ஆனால் தமிழ் நம்மை வழுக்கிவிடும் இடமும் ஒன்று உண்டு. நன்றாக ஆங்கிலம் பேசுபவர்கள்கூட இதில் தவறுகிறார்கள். ‘நேற்று மகாபலிபுரம் போயிருந்தேன்’ என்பது நமக்கு இயல்பான பேச்சு. அதையே ‘ஐ ஹேட் கான் யெஸ்டர்டே’ என்று மாற்றினால், கேட்பவர் ‘சரி, அதற்கப்புறம் என்ன நடந்தது?’ என்று காத்திருப்பார். நடந்துமுடிந்த ஒன்றுக்கும் முன்னால் இன்னொன்று நடந்திருந்தால்தான் ‘ஹேட்’ வேண்டும். நான் எழும்பூர் போய்ச் சேர்வதற்குள் ரயில் கிளம்பியிருந்தது என்றால், ‘த ட்ரெயின் ஹேட் லெஃப்ட்’. வெறும் நேற்றைய பயணத்துக்கு ‘வென்ட்’ போதும். ‘யெஸ்டர்டே’ என்று நாளைச் சொல்லிவிட்டால் ‘ஹேவ் கான்’ என்பதும் பொருந்தாது.

கட், புட், ஹிட் மூன்று வடிவங்களிலும் மாறவே மாறாது, ‘கட்டட்’ என்று நீட்ட வேண்டாம். ‘ரீட்’ எழுத்தில் மாறாது, இறந்தகாலத்தில் ‘ரெட்’ என்று ஒலிக்கும். பலர் குழப்பிக்கொள்ளும் ஒரு ஜோடி பாட், பிராட். தி.நகரில் புடவை வாங்கினால் ‘பாட்’, அதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் ‘பிராட்’.