ரிங்லெட் முதல் கம்போங் ராஜா வரை: கேமரன் மலை ஊர்களுக்குப் போகும் முறை

தெற்கே ரிங்லெட்டில் தொடங்கி ஹாபு, தானா ராத்தா, பிரிஞ்சாங், கியா ஃபார்ம், திரிங்காப், கோலா தெர்லா என்று வடக்கே கம்போங் ராஜா வரை, மலேசியாவின் கேமரன் மலை ஊர்கள் ஒரே சாலையில் வரிசையாக இருக்கின்றன. நெரிசலில் மாட்டினால் விலகிப் போக வேறு வழி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாள், எந்தத் திசை, எத்தனை மணி என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

மலையேற இரண்டு முக்கியச் சாலைகள் உண்டு. தாப்பா சாலை பழையது, குறுகலானது, வளைவுக்கு மேல் வளைவு. தாப்பா பட்டணத்திலிருந்து ரிங்லெட்டுக்குச் சுமார் 45 கிலோமீட்டர், அங்கிருந்து தானா ராத்தாவுக்கு இன்னும் 13 கிலோமீட்டர். ஈப்போ பக்கத்து சிம்பாங் பூலாய் சாலை அகலமானது, வளைவும் குறைவு; அது கம்போங் ராஜாவில் கொண்டுவிடும். ரிங்லெட்டும் தேயிலைத் தோட்டமும் முதலில் பார்க்க வேண்டுமென்றால் தாப்பா; காய்கறிச் சந்தை முதலில் என்றால் சிம்பாங் பூலாய். சின்னப் பிள்ளைகளுக்கோ வயதானவர்களுக்கோ பயணத்தில் வாந்தி வருமென்றால் யோசிக்காமல் இரண்டாவதைப் பிடியுங்கள். தாப்பா வழியாகத்தான் என்றால் புறப்படுமுன் எண்ணெய் மிதக்கும் ரொட்டி சானாய் வேண்டாம், இரண்டு இட்லி போதும். பாதி வழியில் லாத்தா இஸ்கந்தர் அருவி வரும். அங்கே கால்மணி நேரம் நின்று காற்று வாங்கிக்கொண்டு ஏறுங்கள். பெட்ரோலை அடிவாரத்திலேயே நிரப்பிவிட வேண்டும்.

காரில்லாதவர்களுக்குக் கோலாலம்பூர் தெற்கு ஒருங்கிணைந்த பேருந்து முனையத்திலிருந்து தானா ராத்தாவுக்கு நேரடிப் பேருந்து உண்டு. ரயிலில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தாப்பா ரோடு நிலையம் தாப்பா பட்டணத்துக்குள் இல்லை, ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மலைக்கு மேலே ஊருக்கு ஊர் ஓடும் பேருந்துகள் குறைவு. அதனால் தானா ராத்தாவிலேயே தங்குவது நல்லது. கடை, தோசை, வாழையிலைச் சாப்பாடு, காட்டுப் பாதை எல்லாம் நடக்கும் தூரத்தில் கிடைக்கும். கார் உள்ளவர்களுக்கு ரிங்லெட்டைச் சொல்வோம். பெரிய பகட்டில்லாத தோட்டத்துப் பட்டணம் அது. பிரிஞ்சாங்கில் தங்கினால் வார இறுதியில் ஊரைவிட்டு வெளியே வரவே பாதி நாள் போய்விடும்.

சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை, பெருநாள் காலங்களில் காலை பத்து மணிக்கு மேல் பிரிஞ்சாங்குக்கும் கியா ஃபார்முக்கும் இடையே வண்டிகள் நகராது. அந்த நாட்களில் ஏழு மணிக்கே கிளம்பி நேரே வடக்கே போய், மதியத்துக்குள் தெற்கே திரும்பிவிடுங்கள். செவ்வாய் முதல் வியாழன் வரை வந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை. ஆனால் பிரிஞ்சாங் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தை பெரும்பாலும் வெள்ளி, சனியிலும் விடுமுறைகளிலும்தான். பிற்பகலிலேயே கடை விரித்துவிடுவார்கள். மழை இருட்டிக்கொண்டு வருமுன் போய் வருவது நல்லது.

தேயிலைக்கு ஒரு முழுக் காலையை ஒதுக்குங்கள். 'போ' (BOH) தேயிலை நிறுவனம் 1929இல் தொடங்கியது. ஹாபு பக்கம் ஒரு தோட்டமும் பிரிஞ்சாங் மலைப் பக்கம் சுங்கை பாலாஸ் தோட்டமும் அவர்களுடையவை. சுங்கை பாலாஸ் தேநீர் நிலையம் பொதுவாகத் திங்கட்கிழமை மூடியிருக்கும். உள்ளே போகும் சாலையில் பல இடங்களில் ஒரு வண்டிதான் போகலாம். எதிரே வண்டி வந்தால் அகலமான இடம் யாருக்குப் பக்கமோ அவர் பின்வாங்க வேண்டும். பின்வாங்கி ஓட்டத் தயங்குகிறவர் காலை ஒன்பது மணிக்கே போய்விடுவது உத்தமம். மட்டமாக வெட்டிய பச்சைக்கு நடுவே ஒரு சரிவு மட்டும் குச்சி குச்சியாய் நின்றால் செடி பட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். அது கவாத்து வெட்டிய பகுதி, மறுபடி தளிர்க்கும். படம் எடுக்கச் செடிகளுக்குள் நுழைந்தால் கொழுந்து பறிக்க மட்டமாக வெட்டிய மேல்பரப்பு உடைந்துவிடும், ஓரத்திலேயே நில்லுங்கள். லயங்களும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) கோயில்களும் மக்கள் வாழ்கிற இடங்கள். நம் பாட்டன் பூட்டன் காட்டைத் திருத்திக் குடியேறிய மண் இது. வாசலில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை பேசி, அனுமதி கேட்டுப் படம் எடுப்பதுதான் மரியாதை.

ரிங்லெட்டை அடுத்த பெர்த்தாம் பள்ளத்தாக்கில் காய்கறித் தோட்டங்கள் பார்க்கப் போகிறவர்கள் மழை நாளில் ஆற்றோரம் வண்டியை நிறுத்தாதீர்கள். 1963இல் கட்டி முடித்த சுல்தான் அபு பாக்கார் அணை மேலே இருக்கிறது. 2013 அக்டோபரில் அணை நீர் திறந்துவிடப்பட்டு இங்கே உயிர்ச்சேதம் ஏற்பட்டது. எச்சரிக்கைச் சங்கு ஒலித்தால் சாமான்களைப் பார்க்காமல் மேட்டுக்கு ஏறுங்கள்.

சந்தைச் சாமான்களைக் கடைசி நாள், கடைசி மணி நேரத்தில் வாங்குங்கள். கியா ஃபார்மில் கடைகள் நிறைய, கூட்டமும் நிறைய. திரிங்காப், கோலா தெர்லா சாலையோரக் கடைகளில் நிதானமாகப் பேசி வாங்கலாம். சில்லறை நோட்டு கையில் இருக்கட்டும். ஸ்ட்ராபெரி டப்பாவைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள், நசுங்கியதும் பூஞ்சை பிடித்ததும் அங்கேதான் தெரியும். வாங்கியதைக் கழுவாமல், காருக்குள் குளிர்காற்று படும் இடத்தில் வையுங்கள். பின்பெட்டியில் வைத்தால் ஈப்போ போவதற்குள் தண்ணீர் விடும். சோளத்தைத் தோலோடு வாங்கி அன்றே சாப்பிட்டுவிடுங்கள், நேரமாக ஆக இனிப்பு குறையும். கோசுக்கு வெளி இலையை உரிக்கச் சொல்லாதீர்கள், அதுதான் அதற்குப் பாதுகாப்பு. கீரையைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் சமவெளிச் சூட்டில் வெந்துபோகும், செய்தித்தாளில் சுற்றுங்கள்.

இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வரக்கூடாது. பிரேக் பட்டைகள் சூடேறிப் பிடிப்புக் குறையும். தாழ்ந்த கியரில், ஆட்டோமேட்டிக் கார் என்றால் 'எல்' அல்லது '2'இல் போட்டு எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி இறக்குங்கள். கருகல் வாடை வந்தால் அகலமான ஓரத்தில் நிறுத்தி, அரைமணி நேரமாவது ஆறவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டில் இருக்கும் இரும்பு கோணிப்போகும்.