முகத்தைப் பார்க்காதீர்கள், நம்பர் பிளேட்டைப் பாருங்கள்

மகள் பிரசவத்துக்காக அம்பாசமுத்திரத்து மைனி அடுத்த வாரம் கோலாலம்பூர் போகிறார். தனியாக. அங்கே வாடகை வண்டியில் ஏறுவதைப் பற்றி அவரிடம் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

வண்டி கூப்பிடுகிற கிராப் ஆப்பை ஊரிலேயே போனில் போட்டுவிடுங்கள். மலேசியாவில் ஊபர் கிடையாது; 2018-இல் அங்குள்ள தொழிலைக் கிராபிடம் கொடுத்துவிட்டார்கள். ஓடிபி இந்திய நம்பருக்கு வரும், அங்கே சிம்மைக் கழற்றிய பிறகு அல்லாட வேண்டாம். வங்கி ஆப்பில் கார்டுக்கு வெளிநாட்டுப் பயன்பாட்டையும் திறந்து வையுங்கள். கொஞ்சம் ரிங்கிட் கையில் இருக்கட்டும்.

ஏமாறுகிற இடம் ஏர்போர்ட் வாசல்தான். முதல் தடவை நான் போனபோது ஒருவர் வந்து, "அக்கா, எந்த ஊரு? திருநெல்வேலியா! எங்க தாத்தாவும் அந்தப் பக்கந்தான்" என்றார். பெட்டியையும் அவரே தள்ளிக்கொண்டு நடந்தார். தமிழைக் கேட்டதும் எனக்கு மனசு இளகிவிட்டது, வாடகை கூடக் கேட்கவில்லை. இறங்கும்போது, மகன் சொல்லியிருந்த வாடகைக்கு மூன்று மடங்கு கேட்டார். இருட்டில் பெட்டியோடு நின்றுகொண்டு என்ன பேச முடியும்? கொடுத்தேன். இங்கே ஆட்டோக்காரருக்கு நம் வீடு தெரியும், முகத்தைப் பார்த்து ஏறுகிறோம். அங்கே வலிய வந்து கூப்பிடுகிறவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் ஏறாதீர்கள்.

ஆப்பில் வண்டி நம்பர், நிறம், ஓட்டுநர் படம் எல்லாம் வரும். கோலாலம்பூர் வண்டிகளில் நிறைய 'வி', 'டபிள்யூ' என்றுதான் தொடங்கும், அதனால் முதல் எழுத்தைப் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. போனைப் பிளேட்டுக்கு நேரே பிடித்து, கடைசி எண்வரை வாய்விட்டுப் படியுங்கள். சரியாக இருந்தால்தான் கதவில் கை வைக்க வேண்டும். அப்புறம், "யார் பேருக்கு வந்திருக்கீங்க?" என்று கேளுங்கள், உங்கள் பெயரை நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள்.

பின் சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டதும் பயண லிங்கை மகளுக்கு அனுப்பிவிடுங்கள். பாஸ்போர்ட் பை டிக்கிக்குப் போகவே கூடாது, மடியில்தான்.

துபாய் போகிறவர்களுக்கு ஒன்று. அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடும், நடைபாதை வலது கதவுப் பக்கம் வரும். பழக்கத்தில் இடது கதவைத் திறந்தால் நேரே ஓடுகிற வண்டிகளுக்கு நடுவில் கால் வைப்போம். பெண்கள் தனியாகப் போனால் ரோஸ் கூரை டாக்சி உண்டு, ஓட்டுகிறவரும் பெண்தான்.

இரண்டு ஊரிலும் போலீஸுக்கு 999. மைனியின் போன் கவருக்குள் அதையும் மகள் வீட்டு விலாசத்தையும் எழுதி வைத்துவிட்டேன்.