தூண்டில் ஸ்பின்னிங் ரீலில் நரம்பு முறுக்கேறாமல் பார்த்துக்கொள்வது எப்படி

குடியாத்தத்தில் எங்களுடையது கைத்தறி வீடு. பள்ளி விட்டு வந்ததும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ராட்டையில் தார் (ஊடை நூல் குழல்) சுற்றிக் கொடுப்பேன். தளர்வாகச் சுற்றிய தார் தறியில் ஓடுகிற நாடாவுக்குள் போனால் என்ன ஆகும் என்று அப்போதே தெரியும்: நூல் கொத்தாகக் கழன்று வந்து சிக்கிக்கொள்ளும். ஆனால் அதே பாடம் மீன் பிடிக்கும்போது தூண்டில் நரம்பைச் சுற்றுகிற ஸ்பின்னிங் ரீலுக்கும் பொருந்தும் என்று புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது. அதற்குள் மோர்தானா அணைக்கரையில் எத்தனையோ காலை நேரம் சிக்கெடுப்பதிலேயே போயிருந்தது.

முதலில் முறுக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். வீட்டில் ரிப்பன் இருந்தால் ஒரு டப்பாவில் பத்துச் சுற்று சுற்றுங்கள். டப்பாவை உருட்டி அவிழ்த்தால் ரிப்பன் தட்டையாகவே வரும். டப்பாவை அசையாமல் நிற்கவைத்து, மேல் விளிம்பு வழியாக உருவினால் பத்து முறுக்கோடு வரும். ஸ்பின்னிங் ரீலில் நடப்பது இந்த இரண்டாவது விஷயம்தான். நரம்பு சேருகிற ஸ்பூல் நிற்கிறது, வளைந்த கம்பியான பெயில் அதைச் சுற்றி வந்து நரம்பைப் போர்த்துகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறும். பெயிலைத் திறந்து வீசும்போது நரம்பு அதே விளிம்பு வழியாகக் கழன்று போவதால் அந்த முறுக்கு பிரிந்துவிடும். வரவும் செலவும் சமம். அதனால் வீசிச் சுற்றுவதால் மட்டும் சிக்கு வராது. வேறு எங்கோ கணக்கு உதைக்கிறது.

பெரும்பாலும் அது உதைக்கிற இடம் டிராக், அதாவது மீன் பலமாக இழுத்தால் நரம்பை நழுவவிடுகிற பிடி. எனக்கு அது காவேரிப்பாக்கம் ஏரியில்தான் புரிந்தது. கோரைப்புல் ஓரத்தில் ஒரு நல்ல விரால் கடித்தது. டிராக் தளர்வாக இருந்தது. மீன் இழுக்க, ரீல் கிர்ரென்று கத்த, நான் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். நரம்பு உள்ளே வரவில்லை, ஆனால் பெயில் சுற்றுகிறது. என் ரீலில் கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் பெயில் ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் மேலே வரும். நரம்பு வராமல் இருபது முறை கைப்பிடியைச் சுற்றினால் நூறு முறுக்குக்கு மேல் ஏறிவிட்டது என்று அர்த்தம். மீன் கரைக்கு வந்தது. அடுத்த வீச்சில் நரம்பு ஸ்பூலிலிருந்து கொத்தாகக் கிளம்பி ராடின் (தூண்டில் கம்பின்) முதல் வளையத்தில் அடைத்துக்கொண்டது. வீசிய விதம்தான் தப்பு என்று அன்று நினைத்தேன். உண்மையில் அந்தச் சிக்கு பத்து நிமிடம் முன்னாலேயே என் கையால் ஏறியது.

அதனால் மீன் ஓடும்போது கைப்பிடியைத் தொடாதீர்கள். டிராக் சத்தம் கேட்கிறவரை கை சும்மா இருக்கட்டும். மீன் நின்றதும் ராடை மெதுவாக மேலே தூக்கி இழுங்கள், பிறகு ராடைத் தாழ்த்திக்கொண்டே அந்தத் தளர்வை மட்டும் சுற்றி எடுங்கள். தூக்கும்போது சுற்றக்கூடாது, தாழ்த்தும்போது சுற்ற வேண்டும். செயற்கை இரையான லூர் புல்லில் மாட்டிக்கொண்டாலும் இதேதான்: ரீலைச் சுற்றிப் பிடுங்கப் பார்க்காதீர்கள்.

டிராக்கை எவ்வளவு இறுக்குவது? நரம்பின் தாங்கும் எடையில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை போதும். எட்டு கிலோ நரம்பு என்றால் இரண்டு கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டைச் சேர்த்துக் கட்டி, ரீலிலிருந்து நேராகத் தொங்கவிட்டு, நரம்பு மெல்ல நழுவுகிற அளவுக்கு டிராக் திருகை வையுங்கள். இதை வீட்டிலேயே செய்துவிடலாம்.

அடுத்தது புது நரம்பு ஏற்றுவது. பலரும் அவசரப்படுகிற இடம் இது, பொறுமை வேண்டிய இடமும் இதுவே. நைலான் நரம்பாக இருந்தால், வாங்கிய ஸ்பூலை அரை மணி நேரம் வாளித் தண்ணீரில் ஊறப் போடுகிறேன். கம்பிச்சுருள் போல விறைத்திருப்பது கொஞ்சம் இளகும். பிறகு ஸ்பூலை லேபிள் மேலே தெரிகிற மாதிரி தரையில் படுக்கவைத்து, முனையை ராடு வளையங்கள் வழியாகக் கொண்டுவந்து ரீலில் கட்டுங்கள். ஈரத்துணியால் நரம்பை இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்திப் பிடித்தபடி பதினைந்து சுற்று சுற்றுங்கள். இப்போது நிறுத்தி, ராடு நுனியைத் தரைப் பக்கம் தாழ்த்தி நரம்பைத் தளர விடுங்கள். தளர்ந்த நரம்பு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் ஸ்பூலைத் திருப்பிப் போடுங்கள். பின்னாமல் தொங்கினால் அப்படியே தொடரலாம். லேபிள் மேலேயா கீழேயா என்று வாதம் செய்வதைவிட இந்த ஒரு நிமிடச் சோதனையை நம்புங்கள். ஸ்பூலுக்கு ஸ்பூல் சுற்றியிருக்கிற பக்கம் மாறும்.

விரல் அழுத்தத்தை விடவே கூடாது. தாரைப் போலவே, தளர்வாக ஏறிய நரம்பு கொத்தாகத்தான் கழலும். விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்திவிடுங்கள். காசு கொடுத்து வாங்கினது மிச்சமாகிறதே என்று விளிம்புவரை ஏற்றினால், அது தானாகவே வழிந்து விழும். 2500 என்று அளவு நம்பர் போட்ட ரீலுக்கு 0.30 மில்லிமீட்டருக்கு மேல் நைலான் நரம்பு போடாமல் இருப்பது நல்லது. தடித்த நரம்பு சின்ன ஸ்பூலில் அடங்கி உட்காராது.

பிரெய்டு (பல இழை பின்னிய நரம்பு) போடுகிறவர்கள் அடியில் பத்துப் பதினைந்து மீட்டர் நைலான் சுற்றிவிட்டு மேலே பிரெய்டைக் கட்டுங்கள். இல்லாவிட்டால் மொத்தச் சுற்றும் ஸ்பூலின் மேல் வழுக்கும்.

பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் என்னோடு வருவான். "அண்ணா, எல்லாம் சரியாகத்தான் செய்கிறேன், இருந்தும் ஏன் நாலு வீச்சுக்கு ஒரு முறை சிக்குகிறது?" என்று கேட்டான். அவன் வீசுவதைப் பார்த்தேன். லூர் தண்ணீரில் விழுந்ததும் கைப்பிடியைச் சுற்றி, பெயிலைப் படக்கென்று மூடுகிறான். அப்படி மூடும்போது ஸ்பூலில் ஒரு தளர்ந்த வளையம் தங்கிவிடும். அதன் மேலேயே நரம்பு ஏறும். அடுத்த வீச்சில் அந்த வளையம் தன் மேலே இருப்பதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கிளம்பும். பெயிலைக் கையால் மூடுங்கள். மூடியதும் ரீலுக்கும் ராடின் முதல் வளையத்துக்கும் நடுவில் நரம்பைப் பிடித்து ஒரு இழு இழுத்து இறுக்குங்கள், அப்புறம் சுற்றுங்கள். லூர் விழப் போகிற நேரத்தில் ஆள்காட்டி விரலை ஸ்பூல் விளிம்பில் லேசாக வைத்தால் காற்றில் மிச்சமாகத் தொங்குகிற நரம்பும் குறையும். தம்பிக்கு இது பழக ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாக இருந்தது.

இழுக்கும்போது முழுசாகச் சுழலுகிற லூர் போட்டால் நரம்புக்கும் லூருக்கும் நடுவில் தானே சுழலுகிற இணைப்பான பால் பேரிங் ஸ்விவல், நல்லதாக ஒன்று கட்டாயம் வேண்டும். பெயிலில் நரம்பு ஓடுகிற சின்ன உருளை சுற்றுகிறதா என்றும் பாருங்கள். நம் ஏரிகளில் வண்டல் தண்ணீர், அது இறுகிப்போகும். துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும்.

ஏற்கனவே முறுக்கு ஏறிவிட்டதா? லூர், ஸ்விவல் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு, வெறும் நரம்பை ஓடுகிற தண்ணீரில் ஐம்பது அறுபது மீட்டர் விட்டு ஐந்து நிமிடம் மிதக்க விடுங்கள். முனை சும்மா இருப்பதால் முறுக்கு தானாகப் பிரியும். கவுண்டன்ய ஆற்றில் கணுக்கால் அளவு தண்ணீர் அமைதியாக ஓடும்போது இப்படிச் செய்திருக்கிறேன். ஏரி நிரம்பி வழிந்து கோடி போகிற இடத்தில், கலங்கல் பக்கம் இறங்கி இதைச் செய்யாதீர்கள், அங்கே இழுப்பு அதிகம். ஆறு காய்ந்திருக்கிற மாதங்களில் ஏரிக்கரை போதும். நரம்பைக் கரை நெடுகப் புல்லின் மேல் நடந்தே விட்டுவிட்டு, திரும்பி வந்து ஈரத்துணிப் பிடியோடு சுற்றி எடுங்கள்.

வேலூர் வெயிலில் ரீலை வண்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள், வெயில் நைலானைக் கெடுக்கும். நரம்பு நகத்தில் நெருடினாலோ வெளுத்துப் போயிருந்தாலோ அந்த அளவை வெட்டிவிடுங்கள்.

வெட்டியதைக் கரையில் போடாதீர்கள். நீர்க்காகம் ஒன்று காலில் நரம்பு சுற்றிப் பறக்க முடியாமல் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் வற்றினால் ஏரிக்குள் மாடுகள் மேயும். என் பையில் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா எப்போதும் இருக்கிறது. துண்டு நரம்பெல்லாம் அதில்தான் போகும். வீட்டுக்கு வந்ததும் விரல் நீளத்துக்கு நறுக்கி, கட்டிக் குப்பையில் போடுகிறேன்.