பேட்டில்டெக்: புதியவர்கள் விடும் தவறுகள்

1984இல் வேறு பெயரில் வந்து, அடுத்த ஆண்டே பேட்டில்டெக் ஆன பலகை விளையாட்டு இது. ஹெக்ஸ் எனும் அறுகோணக் கட்டங்கள் உள்ள வரைபடத்தில், மெக் எனும் ராட்சதப் போர் இயந்திரங்களை மோதவிடவேண்டும். தொடங்குபவர்கள் முதலில் ஆயுதப் பட்டியலைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் பகடையில் என்ன விழவேண்டும் என்பதை முடிவுசெய்வது நகர்வு.

ஒரு கணக்கைப் பாருங்கள். சுடுபவரின் திறன் 4, கணக்கு அதிலிருந்து தொடங்கும். ஓடிக்கொண்டு சுட்டால் 2 கூடும். எதிரி 5 ஹெக்ஸ் நகர்ந்திருந்தால் இன்னொரு 2. நடுத்தூரம் என்றால் மேலும் 2. ஆக, இரண்டு பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழவேண்டும். 36இல் 6 வாய்ப்பு. நின்று சுட்டால் 8 போதும், வாய்ப்பு 15. நின்றால் நீங்களும் எளிதான இலக்குதான். அதனால் பெரும்பாலும் நடப்பதே நல்லது: உங்களுக்கு 1 கூடுகிறது, 3 ஹெக்ஸ் கடந்துவிட்டால் எதிரிக்கும் 1 கூடுகிறது.

இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். எண்ணவேண்டியது கடந்த ஹெக்ஸை, செலவான நகர்வுப் புள்ளிகளை அல்ல. 5 புள்ளியில் இரண்டு திரும்புவதற்கே போனால் நகர்ந்தது 3 ஹெக்ஸ்தான். சின்னக் காட்டுக்குள் நுழைய 2 புள்ளி போகும், ஆனால் அதுவும் ஒரே ஹெக்ஸ்.

அடுத்தது வெப்பம். ஆசம் 8கியூ மெக்கில் மூன்று துகள் பீரங்கிகள் உள்ளன, ஒவ்வொன்றும் 10 வெப்பம் தரும். அதன் குளிர்விப்பான்கள் சுற்றுக்கு 28 தணிக்கும். நடந்துகொண்டு மூன்றையும் சுட்டால் 31 ஏறி 3 மிஞ்சும். அடுத்த சுற்றில் 6. 5ஐத் தொட்டதுமே நகர்வுப் புள்ளி ஒன்று குறையும். மூன்றாம் சுற்றில் இரண்டை மட்டும் சுடுங்கள், வெப்பம் பூச்சியத்துக்கு வந்துவிடும். மூன்று, மூன்று, இரண்டு: இந்த ஒழுங்கை விடாதீர்கள். 14இல் மெக் அணைந்துபோகலாம், 19இல் வெடிமருந்து வெடிக்கலாம். எஞ்சினில் ஓர் அடி விழுந்தால் ஒவ்வொரு சுற்றும் 5 வெப்பம் கூடும் என்பதால் பழைய ஒழுங்கு செல்லாது.

துகள் பீரங்கியைக் கிட்ட வந்து சுடாதீர்கள். 3 ஹெக்ஸில் 1, பக்கத்து ஹெக்ஸில் 3 என்று பகடையில் விழவேண்டிய எண்ணில் தண்டம் ஏறும். நெடுந்தூர ஏவுகணைக்கு அது 6 ஹெக்ஸிலேயே தொடங்கிவிடும்.

சுற்றின் தொடக்கத்தில் முன்னுரிமைக்காக உருட்டும் பகடையில் தோற்றவர்தான் முதலில் நகரவேண்டும். அப்போது வேகமான மெக்கை முதலில் எடுப்பது வீண்; மெதுவானதை மறைவுக்கு நகர்த்திவிட்டு வேகமானதைக் கடைசிக்கு வையுங்கள். சுட்டு வீழ்த்திய மெக்கை உடனே எடுத்துவிடவும் கூடாது. சேதம் சுடும் கட்டத்தின் முடிவில்தான் செல்லும், அதற்குள் அதுவும் சுடலாம். ஒரே கட்டத்தில் 20 சேதம் வந்தால் விழாமல் இருக்கப் பகடை உருட்டவேண்டும், இதைத்தான் அநேகர் மறக்கிறார்கள். மெக்கின் சேதத்தைக் குறிக்கும் பதிவுத்தாளின் ஓரத்தில் கோடு போட்டு எண்ணி வாருங்கள்.

பதிவுத்தாளை லெமினேட் பண்ணி மார்க்கரால் எழுதுவது மட்டக்களப்பு வெக்கைக்குச் சரிவராது. வேர்த்த கை பட்டதும் கவசப் பெட்டிகளில் போட்ட புள்ளி அழிந்துபோகும், பிறகு யாருடைய எண் சரியென்று வாக்குவாதம். போட்டோ கொப்பியும் பென்சிலும் போதும். ஃபேன் காற்றில் தாள் பறக்காமல் கிளிப் போடுங்கள். மார்கழி மழைக்காலத்தில் அட்டை வரைபடங்கள் ஈரத்தில் வளையும். தட்டையாக அடுக்கி மேலே பாரம் வையுங்கள்.

முதல் ஆட்டத்தில் ஆளுக்கு நான்கு மெக் எடுக்காதீர்கள். இரண்டே நிறைய.